தெஃப்ட், ராபரி, பர்க்லரி: என்ன வேறுபாடு?

[திரையில்: ‘பூட்டிய வீட்டில் நகை, பணம் கொள்ளை’ என்ற செய்தித் தலைப்பு]

வணக்கம். குடும்பத்தோடு வெளியூர் சென்றிருந்தபோது வீட்டின் பூட்டை உடைத்து நகையை எடுத்துச் சென்றுவிட்டால், அதைக் கொள்ளை என்றே நம் நாளிதழ்கள் எழுதுகின்றன. தமிழில் அது பழகிய வழக்கு. ஆனால் அதே செய்தியை ஆங்கிலத்தில் எழுதும்போது பலரும் ராபரி என்று எழுதிவிடுகிறார்கள். ஆளில்லாத வீட்டில் ராபரி நடக்கவே முடியாது.

இந்தச் சொற்களின் எல்லையை அகராதியைவிடச் சட்டம் துல்லியமாகக் காட்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் உள்ள 1968ஆம் ஆண்டு தெஃப்ட் ஆக்ட் மூன்றையும் வரையறுக்கிறது. பிறருக்கு உரிய பொருளை, அது அவருக்கு நிரந்தரமாக இல்லாமல் போக வேண்டும் என்ற எண்ணத்துடன், நேர்மையற்ற முறையில் தனதாக்கிக்கொள்வது தெஃப்ட். அதற்கு அதிகபட்சம் 7 ஆண்டுச் சிறை. அந்தத் திருட்டைச் செய்வதற்காக, திருடும்போதோ அதற்குச் சற்று முன்போ ஒருவர்மீது பலத்தைப் பயன்படுத்தினால், அல்லது அப்போதே அங்கேயே அடி விழும் என்று அஞ்ச வைத்தால், அது ராபரி. அதற்கு ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம்.

[திரையில்: கைப்பையின் வாரைப் பற்றி இழுக்கும் கை]

1980ஆம் ஆண்டின் இங்கிலாந்து வழக்கு ஒன்றைப் பாருங்கள். இரண்டு இளைஞர்கள் சேர்ந்து ஒரு பெண்ணின் கைப்பையைக் குறிவைத்தனர். ஒருவன் அவரை முதுகில் தாக்கிப் பையை இழுக்க, பை அவர் கையை விட்டுத் தரையில் விழுந்தது. அவர் அலறியதும் இருவரும் பையை எடுக்காமலே ஓடிவிட்டனர். ஒரு காசுகூடக் கிடைக்காத இந்தச் செயலை முழுமையான ராபரி என்றே நீதிமன்றம் முடிவு செய்தது. பலத்தோடு இழுத்த அந்த நொடியிலேயே குற்றம் நிறைவேறிவிட்டது.

ஆங்கில இலக்கணமும் இதே வேறுபாட்டைக் காக்கிறது. ஸ்டீல் என்ற வினைக்குச் செயப்படுபொருள் திருடப்பட்ட பொருள். ராப் என்ற வினைக்கோ பறிகொடுத்த ஆள் அல்லது வங்கி. ஆகவே ‘மை பர்ஸ் வாஸ் ஸ்டோலன்’ சரி, ‘ஐ வாஸ் ராப்ட்’ சரி. நம்மவர்கள் அடிக்கடி எழுதும் ‘மை பர்ஸ் வாஸ் ராப்ட்’ தவறு.

பர்க்லரி முற்றிலும் வேறு. அங்கே முதல் கேள்வி இடத்தைப் பற்றியது. திருடும் எண்ணத்தோடு ஒரு கட்டடத்துக்குள் அத்துமீறி நுழைந்தாலே போதும், எதையும் எடுத்திருக்க வேண்டியதில்லை. கடும் காயம் விளைவிக்கவோ பொருள்களைச் சேதப்படுத்தவோ எண்ணி நுழைந்தாலும் பர்க்லரிதான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1996ஆம் ஆண்டு வழக்கு ஒன்றில், தலையும் வலது கையும் உள்ளே, மற்ற உடல் வெளியே என்று நள்ளிரவுக்குப் பின் ஒருவர் ஜன்னலில் சிக்கிக்கொண்டிருந்தார். அந்நிலையில் அவரால் எதையும் திருடியிருக்க முடியாது. ஆயினும் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் நுழைவாகவே ஏற்றது.

[திரையில்: இந்திய வரைபடம்]

இந்தியாவில் எல்லைக்கோடுகள் சற்று மாறுகின்றன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டு 303ஆம் பிரிவு, ராபரி 309ஆம் பிரிவு. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்து ராபரி செய்தால் 310ஆம் பிரிவின்கீழ் டெக்காய்ட்டி, அதாவது கூட்டுக்கொள்ளை. பூட்டை உடைத்து நுழைவதை நம் சட்டம் ஹவுஸ் பிரேக்கிங் என்கிறது. மேலும், பொருளை நிரந்தரமாகப் பறிக்கும் எண்ணம் இங்கே கட்டாயமில்லை. ஜோத்பூரில் விமானப்படைப் பயிற்சி மாணவர் ஒருவர் அனுமதியின்றி விமானத்தை எடுத்துச் சென்று பாகிஸ்தானில் இறக்கிய வழக்கில், தற்காலிகமாக எடுத்தாலும் திருட்டே என்று 1957இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சங்கிலிப் பறிப்புக்கு ஸ்னாச்சிங் என்ற பெயரில் 304ஆம் பிரிவு புதிதாக வந்துள்ளது; அதற்கு 3 ஆண்டு வரை சிறை. பறிப்பதற்காகவே ஒருவரைத் தாக்கிக் காயப்படுத்தினால், அது ஆயுள் தண்டனை வரை தரும் ராபரியாகிவிடும். எனவே ஆங்கிலத்தில் புகார் எழுதும்போது ஒரே சொல்லில் முடித்துவிடாமல், மிரட்டினார்களா, தள்ளினார்களா, எங்கே காயம் பட்டது என்று நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். எந்தப் பிரிவு என்பதை அந்த விவரங்களே தீர்மானிக்கும்.