கடைக்கு வந்து சேராத இசைத்தட்டு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு பாடல்தொகுப்பு விற்கவில்லை என்றால், அதில் சரக்கு இல்லை என்று முடிவுகட்டிவிடுவது நம் வழக்கம். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்தில் உருவான ‘பிக் ஸ்டார்’ என்னும் ராக் குழு, 1972ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘நம்பர் ஒன் ரெக்கார்டு’ என்ற தன் முதல் இசைத்தட்டைப் பொறுத்தவரை அந்த முடிவு முற்றிலும் தவறானது. அதை மக்கள் ஒதுக்கவில்லை. அது மக்கள் கைக்குப் போய்ச் சேரவே இல்லை.

அலெக்ஸ் சில்டன், கிறிஸ் பெல், ஆண்டி ஹம்மல், ஜோடி ஸ்டீபன்ஸ் ஆகிய நால்வர் கொண்ட குழு அது. சில்டன் 16 வயதிலேயே வேறொரு குழுவில் பாடி, அமெரிக்கா முழுவதும் புகழ்பெற்றவர். ஆயினும் இத்தட்டின் ஒலிக்கு உருக்கொடுத்தவர் பெல் என்றே நான் கருதுகிறேன். ஜான் ஃப்ரை நடத்திய ஆர்டென்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவான இந்தப் பாடல்களில், கிட்டாரின் ஒவ்வொரு நரம்பும் தனித்தனியே கேட்கிறது.

‘தர்ட்டீன்’ என்ற பாடலையே எடுத்துக்கொள்வோம். டிரம்ஸ் கிடையாது, மின்கிட்டாரின் முழக்கமும் கிடையாது. பள்ளி விட்டதும் வீடுவரை உடன் நடந்து வரலாமா என்று ஒரு சிறுமியிடம் கேட்கும் பையனின் தயக்கத்தை, கிட்டார் இசையும் ஒன்றோடொன்று இழைந்த குரல்களும் மட்டுமே தாங்கி நிற்கின்றன. இரண்டரை நிமிடத்தில் முடிந்துவிடும் இப்பாடலில், வேண்டாத ஒரு சுரம்கூட இல்லை. இந்தியாவில் போய் வாழ விரும்புவதாக ஹம்மல் எழுதிய மென்மையான பாடல் ஒன்றும் இதே தட்டில் உண்டு என்பது நமக்குக் கூடுதல் மகிழ்ச்சி.

இசை இதழ்கள் பாராட்டின. ஆனால் விநியோகப் பொறுப்பை ஏற்றிருந்த ‘ஸ்டாக்ஸ்’ நிறுவனம், அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த ‘சோல்’ என்னும் இசைவகைக்குப் பெயர்பெற்றது. ராக் இசைத்தட்டுகளைக் கடைகளுக்குக் கொண்டுசேர்க்க அதனால் இயலவில்லை. விமர்சனத்தைப் படித்துவிட்டுக் கடைக்குப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். பின்னர் ‘கொலம்பியா’ நிறுவனத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டால் நிலைமை மேலும் மோசமாகி, கடைகளில் இருந்தவையும் திரும்பப் பெறப்பட்டன. அக்காலத்தில் விற்றவை 10,000 பிரதிகளுக்கும் குறைவு. போச்சம்பள்ளிப் பக்கம் மாங்காய் முற்றிக் கிடக்கையில், மண்டிக்கு ஏற்றிச்செல்ல லாரி வராமல் போனால் குற்றம் மரத்தினுடையதா?

இந்தத் தோல்வி பெல்லை நொறுக்கிவிட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் குழுவை விட்டு விலகிய அவர், 1978 டிசம்பரில், 27 வயதில், கார் விபத்தில் மறைந்தார். பிற்காலத்தில் ‘ஆர்.இ.எம்.’ போன்ற பெரிய குழுக்கள் ‘பிக் ஸ்டார்’ தங்களைப் பாதித்ததை வெளிப்படையாகச் சொன்னதையோ, 2003இல் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் வெளியிட்ட 500 சிறந்த இசைத்தொகுப்புகளின் பட்டியலில் இத்தட்டு இடம்பெற்றதையோ அவர் அறியவில்லை. எனக்கு இதுதான் ஆறாத வருத்தம்.

இன்று இதன் 12 பாடல்களும் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. ஓசூரிலிருந்து பெங்களூருக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்லும் இளைஞர்கள், ஒருவழிப் பயணத்துக்குள் முழுவதையும் கேட்டுவிடலாம். முதல் பாடலில் தொடங்கி, எதையும் தள்ளிவிடாமல், வரிசையாகக் கேளுங்கள். நன்றி, வணக்கம்.