கண்ணகி எப்போது பேசினாள்?

நேயர்களுக்கு வணக்கம்.

“பட்டால்தான் தெரியும்” என்று நம் வீடுகளில் சொல்லாதவர்கள் இல்லை. நிறையக் கஷ்டப்பட்ட ஒருவரைப் பார்த்தால், “நல்லாப் பக்குவப்பட்டுட்டார்” என்போம். அந்தப் பக்குவம் என்ன என்று கேட்டால், பெரும்பாலும் பொறுமையைத்தான் சொல்வோம். அடிபட்டவர், அதுவும் பெண்ணாக இருந்தால், அடங்கிப் போக வேண்டும். அப்படி அடங்கினால் துன்பம் அவரை மேம்படுத்திவிட்டது என்று முடிவு கட்டுகிறோம். இதை என்னால் ஒருநாளும் ஏற்க முடிந்ததில்லை.

நான் 31 வருடம் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். சிலப்பதிகாரம் நடத்தும் ஒவ்வொரு வருடமும் வகுப்பில் கேட்பேன், கண்ணகி எப்போது மாறினாள் என்று. “கோவலன் செத்தப்போ, டீச்சர்” என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்வார்கள். நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். அப்புறம் ஒரு கோடை விடுமுறையில் நூலை முதலிலிருந்து எடுத்து, கண்ணகி வாய் திறக்கும் இடங்களை மட்டும் பென்சிலால் குறித்துக்கொண்டே போனேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்ததைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

திருமணத்தின்போது அவளுக்கு வயது 12. “ஈராறு ஆண்டு அகவையாள்” என்கிறார் இளங்கோ. கோவலன் அவளை ‘மாசறு பொன்னே, வலம்புரி முத்தே’ என்று அடுக்கடுக்காகப் புகழ்கிறான். அவள் பதில் சொன்னதாக ஒரு வரி இல்லை. அவன் மாதவியிடம் போகிறான், அதற்கும் அவள் ஒன்றும் சொல்வதாக இல்லை. நூலின் பகுதிகளைக் காதை என்பார்கள். முதல் எட்டுக் காதைகளிலும் என் பென்சிலுக்கு வேலையே இல்லை. பொறுமை வேண்டும் என்கிறோமே, அந்தப் பொறுமை அவளிடம் முதல் நாளிலிருந்தே இருந்தது. இல்லாதிருந்தது பேச்சு.

ஒன்பதாவது காதையில் தோழி தேவந்தியிடம் முதன்முதலாகப் பேசுகிறாள். என்ன பேசுகிறாள்? தான் கண்ட கனவைச் சொல்கிறாள். தானும் கோவலனும் ஒரு பெரிய ஊருக்குள் போகிறார்கள், அங்கே அவள்மேல் தேளைத் தூக்கிப் போட்டதுபோல ஒரு பழி விழுகிறது, கோவலனுக்கு ஒரு தீங்கு நேர்ந்தது என்றும் கேட்கிறாள். அடுத்து வரும் வரியைக் கேளுங்கள்: “காவலன் முன்னர் யான் கட்டுரைத்தேன்.” அரசன் முன்னால் நின்று நான் பேசினேன் என்கிறாள்! புருஷனிடமே பேசாதவள் கனவில் ராஜாவிடம் பேசுகிறாள். மதுரை பின்னால்தான் வரப்போகிறது, வழக்கும் பின்னால்தான். ஆனால் பேச்சு அப்போதே உள்ளே இருக்கிறது.

‘சுடச்சுடரும் பொன்போல்’ என்ற குறளை, துன்பம் பட்டால் மனிதன் ஒளிர்வான் என்பதற்குச் சான்றாகச் சொல்கிறோம். அது தவம் அதிகாரத்தில் வருவது. ‘நோற்கிற் பவர்க்கு’ என்ற கடைசிச் சொல்லைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். நோன்பை உள்ளே வைத்திருப்பவருக்குத்தான் அந்த ஒளி என்கிறார் வள்ளுவர். அவர் சுடச் சொன்னதும் பொன்னை. தீயில் போடும் முன்பே அது பொன்தான்.

சரி, கண்ணகியிடம் வருவோம். கனவைக் கேட்ட தேவந்தி, குளத்தில் நீராடிக் காமவேளைத் தொழுதால் கணவன் திரும்புவான் என்கிறாள். “பீடு அன்று” என்கிறாள் கண்ணகி. அது பெருமை ஆகாது. அவ்வளவுதான். அந்தச் சமயத்தில் கோவலன் வந்து, பொருளெல்லாம் தொலைத்துவிட்டேன், வெட்கமாக இருக்கிறது என்கிறான். அவள் சிரித்த முகத்தோடு, “சிலம்பு உள கொண்ம்” என்கிறாள். சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றே சொல்.

இங்கே என் பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் நினைவு தெரிந்த நாளிலிருந்து, யார் எதைக் கேட்டாலும் பெரியம்மா சொல்லும் ஒரே பதில், “அவங்களக் கேளுங்க.” காய்கறிக்காரரிடம்கூட அதே பதில்தான். பெரியப்பா ஒருநாள் காலையில் காப்பி டம்ளரைக் கையில் பிடித்தபடியே போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் வெளியூரில். குடும்ப ஓய்வூதியத்துக்குப் பெரியம்மாதான் ஓர் அலுவலகத்துக்கு அலைய வேண்டியிருந்தது. நான் துணைக்குப் போவேன். முதல் தடவை “யாரும்மா நீங்க?” என்று கேட்டபோது பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். இரண்டாவது தடவை, “இன்னாரோட சம்சாரம்” என்றார். அப்புறம் எத்தனை நடை நடந்தோம் என்று கணக்கில்லை. ஒருநாள் நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவதற்குள் ஜன்னலில் ஒரு குரல் கேட்டது. பெரியப்பா பெயரைச் சொல்லி, “அவங்க மனைவி” என்று சொல்லி, தன் பெயரையும் கணீரென்று சொன்னார் பெரியம்மா. அவர் வாயால் அவர் பெயரை நான் கேட்டது அன்றைக்குத்தான். அந்த நிமிடம் எனக்குச் சிலம்பு ஞாபகம் வந்து உடம்பு சிலிர்த்தது. ஏன் என்று இதோ சொல்கிறேன்.

புகாரைத் தாண்டிக் கொஞ்ச தூரம்கூட வந்திருக்க மாட்டார்கள், அதற்குள் கால் நோக, “மதுரை மூதூர் யாது?” என்று கேட்கிறாள் கண்ணகி. 30 காதம்தான், பக்கம்தான் என்கிறான் கோவலன். சமணத் துறவி கவுந்தியடிகள் துணையோடு நடந்து, மதுரைக்கு வெளியே ஆயர்பாடியில் மாதரி வீட்டில் தங்குகிறார்கள். மெல்லிய விரல் சிவக்க அரிவாள்மணையில் காய் நறுக்கி, முகம் வியர்க்க, கண் சிவக்கச் சமைத்துப் போடுகிறாள். சாப்பிட்டு முடித்த கோவலன், உனக்குச் சிறுமை செய்தேன், கூப்பிட்டதும் கிளம்பி வந்தாயே, என்ன காரியம் செய்தாய் என்று மனம் உடைந்து கேட்கிறான். அப்போதுதான் அவள் பேசுகிறாள். விருந்தினரை வரவேற்க முடியாமல் போனது, மாமனாரும் மாமியாரும் பார்க்க வந்தபோது துன்பத்தை மறைத்துச் சிரித்த பொய்ச் சிரிப்பு, அதைக் கண்டு அவர்கள் நொந்தது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, “போற்றா ஒழுக்கம் புரிந்தீர்” என்கிறாள். நீங்கள் செய்தது தகாத காரியம்.

இது 16-ஆவது காதை. அப்போது கோவலன் உயிரோடு அவள் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். இதைத்தான் நான் வருடா வருடம் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். சாவு அவளை மாற்றவில்லை. நடை மாற்றியது, அடுப்படி மாற்றியது, செய்த தவறைத் தானே ஒப்புக்கொண்ட ஒரு மனிதன் எதிரில் இருந்ததும் மாற்றியது.

அதன் பிறகு அவள் பேச்சை யாராலும் நிறுத்த முடியவில்லை. கள்வனோ என் கணவன் என்று சூரியனைக் கேட்கிறாள். பெண்டிரும் உண்டுகொல், சான்றோரும் உண்டுகொல், தெய்வமும் உண்டுகொல் என்று ஊரைக் கேட்கிறாள். யார் நீ என்று பாண்டியன் கேட்டதும், “தேரா மன்னா” என்று தொடங்கி, தன் ஊரைச் சொல்லி, “கோவலன் மனைவி” என்று சொல்லி, கடைசியில் “கண்ணகி என்பது என் பெயரே” என்கிறாள். அந்த ஜன்னலில் பெரியம்மா சொன்னதும் இதே வரிசைதான். அவர் சிலப்பதிகாரம் படித்தவர் அல்ல.

இதில் நல்லது மட்டும்தான் இருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். பேச்சு வந்தபோது பெரியம்மாவிடம் ஒரு சூடும் வந்தது. சொந்தத்தில் இரண்டு பேரோடு கடைசிவரை அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. கண்ணகியும் ஓர் ஊரையே எரித்தாள். முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடச் சொல்லித்தான் தீயை ஏவினாள், ஆனாலும் ஊர் எரிந்தது. அந்தப் பகுதியை வகுப்பில் வாசிக்கும்போது ஒவ்வொரு வருடமும் என் குரல் தடுமாறும்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். மாதவியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும் என்று குறித்து வந்தேன், ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். கோவலன் இறந்த செய்தி அவளுக்கும் போய்ச் சேர்கிறது. அவளும் பேசுகிறாள், தன் தாயிடம். மகள் மணிமேகலை கணிகையர் கோலத்தைக் காணாமலே போகட்டும் என்று சொல்லிவிட்டு, சூடிய மாலையோடு கூந்தலையும் களைந்துவிட்டு அறவழியில் போகிறாள்.

வணக்கம்.