ஆணியில் தொங்கிய கருப்புச் சட்டை

தலைவர் அவர்களே, தோழர்களே, வணக்கம்.

நாத்திகர்களுக்குப் பொதுவான அடையாளச் சின்னம் ஒன்று தேவையா என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் எங்கள் வீட்டுச் சுவரிலிருந்து தொடங்குகிறேன்.

மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கூடத்துச் சுவரில் ஓர் ஆணி, அதில் அப்பாவின் கருப்புச் சட்டை. இரண்டே சட்டைதான் அவருக்கு. மாற்றி மாற்றித் துவைத்து வெயிலில் போடுவதால் தோள்பட்டை செம்பட்டை பாய்ந்துவிடும். அம்மா சாயப் பொட்டலம் வாங்கி வந்து, கொதிக்கிற தண்ணீரில் கல் உப்போடு கரைத்து, சட்டையை முக்கி எடுத்து நிழலில் உலர்த்துவார். இரண்டு நாளைக்கு அம்மாவின் நகக்கண்ணெல்லாம் கருப்பாக இருக்கும். அந்த விரலோடுதான் எனக்குச் சோறு பிசைந்து கொடுப்பார்.

அந்தக் கருப்பு எங்கிருந்து வந்தது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். இளைய தோழர்களுக்காகச் சொல்கிறேன். 1944 ஆகஸ்டில் சேலம் மாநாட்டில், பெரியார் தலைமையில் இருந்த நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனது. மறு ஆண்டு திருச்சி மாநாட்டை ஒட்டிக் கருஞ்சட்டைப் படை உருவெடுத்தது. 1946 மே மாதம் மதுரையில் கருஞ்சட்டை மாநாடு நடந்தபோது பந்தலுக்குத் தீ வைத்தார்கள். 1948 மார்ச்சில் சென்னை மாகாணத்தை ஆண்ட ஓமந்தூரார் அரசு அந்தப் படையையே தடை செய்தது. ஒரு முழம் துணிக்கு ஓர் அரசாங்கம் தடை போட்டது என்றால், அந்தத் துணி என்ன சொல்லியிருக்க வேண்டும்!

இங்கேதான் நான் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். "நான் கடவுளை நம்பாதவன்" என்று காட்டிக்கொள்வதற்காகப் பெரியார் கருப்பைப் போடச் சொல்லவில்லை. பிறப்பால் சூத்திரன், பஞ்சமன் என்கிற இழிவு நம் மேல் கிடக்கிறவரை அது துக்கத்தின் நிறம் என்றார். கழகக் கொடியிலும் அப்படித்தான். சுற்றிலும் இருக்கிற கருப்பு இழிவு, நடுவில் இருக்கிற சிவப்பு அதைப் போக்கும் முயற்சி. கடவுள் மறுப்பு அதற்குள் இருந்தது, உண்மை. ஆனால் சட்டை பேசியது மனிதனைப் பற்றி.

வெளிநாட்டில் வேறு மாதிரி. அமெரிக்காவில் 1963-இல் தொடங்கிய நாத்திகர் அமைப்பு அணுவின் வடிவத்தைச் சின்னமாக வைத்துக்கொண்டது. படைவீரர்களின் கல்லறைக் கல்லில் சிலுவைக்கும் பிறைக்கும் இடம் கொடுப்பதைப் போல அந்த அணுவுக்கும் அந்த நாட்டு அரசு இடம் கொடுத்திருக்கிறது. 2007-இல் உயிரியல் அறிஞர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் தொடங்கிய இயக்கத்தில், நாத்திகரைக் குறிக்கும் 'ஏதீஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தான சிவப்பு நிற 'ஏ'-யைச் சட்டையில் குத்திக்கொண்டார்கள். வீட்டுக்குப் பயந்து வாய் மூடிக் கிடந்தவர்கள் வெளியே வரட்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எழுத்தைப் பார்க்கிறவனுக்கு இவர் எதை நம்பவில்லை என்பது மட்டும் தெரியும். தனக்கு ஒரு துன்பம் வந்தால் இவரிடம் போகலாமா என்பது தெரியாது.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். ஒருநாள் ராத்திரி பத்து மணிக்கு மேல் கதவு தட்டுகிற சத்தம். பக்கத்துத் தெருவில் ஒருவர் அன்று சாயங்காலம் இறந்துபோயிருந்தார். அவருடைய மனைவி, முப்பது வயதுகூட இருக்காது, பின்வாசல் வழியாக வந்து நிற்கிறார். "கருப்புச் சட்டை அண்ணன் இருக்காங்களா?" அப்பா பெயர்கூட அவருக்குத் தெரியாது. "சடங்கு எதுவும் வேண்டாம்னு அவர் சொல்லிட்டுத்தான் போனார். ஆனா விடிஞ்சா எனக்கு வளையல் உடைக்கணும், பூவும் பொட்டும் அழிக்கணும்னு எல்லாரும் உக்காந்திருக்காங்க. எனக்கு யாரும் இல்லண்ணே."

அப்பா ஆணியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டினார். விடியுமுன் சைக்கிளில் போய் இன்னும் நாலு பேரைத் திரட்டிவிட்டார். அடக்கம் முடிகிறவரை ஐந்து கருப்புச் சட்டைகளும் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்றன. சண்டை போடவில்லை, முழக்கம் எழுப்பவில்லை, நின்றார்கள். வளையல் உடையவில்லை. அந்த அக்கா இன்றைக்கும் கண்ணாடி வளையல்தான் போடுகிறார்.

கார்த்திகை மாதம் வந்தால் டவுன் பஸ்ஸில் பாதிப் பேர் கருப்பு உடுத்தியிருப்பார்கள். "எத்தனையாவது மலை சாமி?" என்று அப்பாவைக் கேட்பார்கள். "நான் பெரியார் கட்சிங்க" என்பார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை, நகர்ந்து இடம் கொடுப்பார்கள். அதே நிறத்தை இருமுடி கட்டுகிறவர்களும் உடுத்துகிறார்கள், உடுத்தட்டுமே. அந்த ராத்திரி அந்த அக்கா தேடி வந்தது நிறத்தை அல்லவே. அந்தச் சட்டைக்காரர் முன்பு எங்கெங்கே போய் நின்றார் என்பதை ஊரே பார்த்திருந்தது.

இன்னொன்று. சின்னம் அளவுகோலாக மாறுவதை நான் பார்க்கிறேன், அது எனக்கு வேதனை தருகிறது. "கருப்பு போடாதவர் என்ன பகுத்தறிவாளர்?" என்று நம் கூட்டத்திலேயே கேட்கிறார்கள். தொண்டர்கள் அணிந்தால் போதும், எல்லோரும் அணிய வேண்டியதில்லை என்று அந்தக் காலத்திலேயே அண்ணா கருதினார், அதனால் மனக்கசப்பும் வந்தது. 2017 மார்ச்சில் கோவையில் 31 வயதுத் தோழர் ஒருவர் கடவுள் மறுப்புக் கருத்துகளுக்காக வெட்டிக் கொல்லப்பட்டார். மாமியார் வீட்டில் இருக்கிற பெண்ணிடமும், விடுதியில் தங்கிப் படிக்கிற முதல் தலைமுறை மாணவியிடமும் "வெளியே வா, அடையாளத்தைக் காட்டு" என்று சொல்லும் உரிமை நமக்கு யார் கொடுத்தது? காட்ட முடிந்தவர்கள் காட்டுவோம், காட்ட முடியாதவர்கள் தேடி வருவதற்காக.

பெரியார் சிலையின் படியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அன்பினால்தான் செய்கிறார்கள். ஆனால் தயவுசெய்து செருப்போடு ஏறுங்கள். அந்தப் படியில் நாம் ஒரு கருவறையைக் கட்டிவிடக் கூடாது.

ஆக, உலகத்து நாத்திகர்களுக்கெல்லாம் ஒரே முத்திரை வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். அவரவர் மண்ணில் எந்தக் காயத்துக்காக நிற்கிறார்களோ அங்கிருந்து அவர்களுக்கான அடையாளம் வரட்டும். நமக்கு வந்திருக்கிறது. சுயமரியாதைத் திருமணத்தை அண்ணாவின் அரசு 1967-இல் சட்டம் இயற்றிச் செல்லுபடியாக்கியது. கல்யாணத்துக்கு இன்று வழி இருக்கிறது. சாவு வீட்டில்தான் நம் ஆட்கள் இன்னும் தனியாக நிற்கிறார்கள். உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க எழுதி வைத்துவிட்டுப் போகிறார்கள். மறுநாள் காலையில் பங்காளிகளிடம் அந்தத் தாளைக் காட்டிப் பேச ஆள் இல்லை.

அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. சட்டை இன்னும் அந்த ஆணியில்தான் இருக்கிறது, சாயம் ஏற்ற அம்மாவுக்குக் கை நடுங்குகிறது, நான் ஏற்றுகிறேன். கதவு தட்டுவது மட்டும் நிற்கவில்லை. போன மாதம்கூட ஒரு பையன் வந்தான். நானும் ஒரே ஒரு தோழரும் போனோம். இரண்டு பேர் போதவில்லை.

வாசல் மேசையில் ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறேன். ராத்திரி எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் இழவு வீட்டுக்கு வந்து கூட நிற்க முடியும் என்கிறவர்கள், கருப்பு போடுகிறவரோ போடாதவரோ, பேரும் ஊரும் ஃபோன் நம்பரும் எழுதிவிட்டுப் போங்கள். பேனா நோட்டுக்குள்ளேயே இருக்கிறது.