வெஸ்ட் என்றால் எந்த ஊர் வெஸ்ட்?

விழாத் தலைவர் அவர்களே, முன் வரிசையில் இருக்கும் சங்கப் பொறுப்பாளர்களே, ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கும் டெய்லர்மார்களே, மைக்கை மூன்று தடவை சரி செய்த தம்பியே, எல்லாருக்கும் வணக்கமுங்க. பொன்னாடை போர்த்தியதிலேயே கால் மணி நேரம் போய்விட்டது. போர்த்தியது சென்னிமலைத் தறித் துண்டு என்பதால் வருத்தமில்லை.

மூன்று சேதி சொல்ல வேண்டும்: நாட்டுக்கு நாடு மாறும் இங்கிலீஷ், தலைமுறைக்குத் தலைமுறை மாறும் இங்கிலீஷ், நாம் செய்ய வேண்டியது. 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பார்கள். நொய்யல் கரைக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

திருப்பூர் கம்பெனிக்கு ஒரு மெயில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'வெஸ்ட்', ஐயாயிரம் உருப்படி. லண்டன்காரர் கேட்டால் அது நம்ம கையில்லாத பனியன். நியூயார்க்காரர் கேட்டால் கோட்டுக்குள்ளே போடும் பொத்தான் வைத்த மேலாடை. அதே பனியன் ஆஸ்திரேலியாவில் சிங்லெட். ஆர்டரைக் கவனிக்கும் புது மெர்ச்சண்டைசர் தம்பி அடுத்த வரிக்குப் போகிறார்: 'பேன்ட்ஸ்'. அமெரிக்காவில் முழுக்கால் சட்டை, இங்கிலாந்தில் ஜட்டி! அப்புறம் 'ஜம்பர்'. இங்கிலாந்தில் ஸ்வெட்டர், அமெரிக்காவில் பெண்பிள்ளைகள் சட்டைக்கு மேல் மாட்டும் கையில்லாத கவுன். பெண்கள் சைஸ் 12 என்றால் லண்டன் 12-ஆ, நியூயார்க் 12-ஆ? லண்டன் 12 அமெரிக்காவில் ஏறக்குறைய 8. கடைசியில் கப்பல் தேதி 03/04. லண்டனுக்கு ஏப்ரல் 3, நியூயார்க்குக்கு மார்ச் 4. ஒரு மாதம் பிந்திய சரக்கை பிளேனில் ஏற்றினால் லாபமும் அதோடு பறந்துவிடும். தைத்ததைப் பிரிக்கலாம். கட்டிங் டேபிளில் வெட்டின துணியை ஒட்ட முடியுங்களா? ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு!

பேரை மட்டும் நம்பாதீர்கள். படம் கேளுங்கள். அளவை சென்டிமீட்டரில் வாங்குங்கள். நெஞ்சளவு துணியைப் படுக்கப் போட்டு எடுத்ததா, சுற்றளவா என்றும் கேளுங்கள், பாதிச் சண்டை அங்கேதான். மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். சாம்பிள் ஒப்புதலாகி வராமல் துணியை விரிக்காதீர்கள்.

தலைமுறைச் சேதி. தாத்தாவுக்கு வயர்லெஸ் என்றால் ரேடியோ, பேத்திக்குக் காதில் சொருகுவது. நம்ம பள்ளிக்கூடத்துப் பையன் போட்ட நிக்கர், இன்றைக்கு லண்டனில் பெண்கள் உள்ளாடை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், இதோடு விடுகிறேன்.

மூன்றாவது, நாம் செய்ய வேண்டியது. அமெரிக்க இங்கிலீஷுக்கென்று வெப்ஸ்டர் என்பவர் 1828-லேயே அகராதி போட்டுவிட்டார். சட்டையை அங்கராக்கு என்ற நம்ம அம்மாயிமார் சொல் எந்தக் கம்பெனி நோட்டில் இருக்கிறது? பனியன் தைக்கும் ஃபிளாட்லாக் மிஷினை 'பேட்லாக்' என்கிறோம். லண்டன்காரர் காதில் அது பூட்டாக விழும், நமக்கு அதுதான் சோறு போடுகிறது. பவர் டேபிள் தையல், டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி, பிசிறு வெட்டுவது எல்லாம் எழுதப்பட வேண்டும். கம்பெனிக்கு ஒரு நோட்டு, நாலு கட்டம்: முதலில் நம்ம சொல், பிறகு லண்டன், நியூயார்க், சிட்னி. முதல் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். ஆற்றிலே போட்டாலும்... மீதியை நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

வாசல் மேசையில் கோடு போட்ட நோட்டு இருக்கிறது. ஆளுக்கொரு சொல் எழுதிவிட்டுப் பந்திக்குப் போங்க.