முதலில் சோப்பு தந்தவர்

வணக்கம் நேயர்களே. தெருச் சண்டித்தனத்துக்கும் குண்டு வைக்கிற தீவிரவாதத்துக்கும் என்ன தொடர்பு என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில் வழக்குப் பேசுகிற ஆள், அதனால் எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

கிராண்ட்பாஸ் பொடியன் ஒருவன், 19 வயது, கொஞ்சம் ஐஸ் போதைப்பொருள் வைத்திருந்ததற்கு 14 நாள் விளக்கமறியல். அடுத்த தவணைக்குக் கொண்டுவந்தபோது என்னிடம் சொன்னான்: "சேர், உள்ளே ஒருத்தர் சோப்பும் பிரஷ்ஷும் தந்தார், படுக்க இடமும் பிடிச்சுத் தந்தார், நல்ல மனுசன்." அந்த நல்ல மனுசன் ஒரு பாதாள உலகக் குழுவின் ஆள். சோப்புக்கு அங்கே காசு கேட்க மாட்டார், பொடியன் வெளியே வந்த பிறகு கேட்பார்.

சரி, இதை அப்படியே பிரான்சில் வைத்துப் பாருங்கள். ஆயுதக் கொள்ளைக்காக உள்ளே போன அமெடி கூலிபாலி, ஃப்ளூரி-மெரோஜி சிறையில்தான் ஷெரிப் குவாஷியையும், ஜமெல் பெகால் என்கிற தீவிரவாதியையும் சந்தித்தான். 2015 ஜனவரியில் கூலிபாலியும் குவாஷி சகோதரர்களும் மூன்றே நாளில் 17 பேரைக் கொன்றார்கள். அடுத்த வருடம் பிரஸ்ஸல்ஸில் தற்கொலைக் குண்டாக வெடித்த பக்ராவி சகோதரர்களும் பழைய கொள்ளைக்காரர்கள், அதில் மூத்தவன் பொலிஸ் மீது கலாஷ்னிகோவால் சுட்டு உள்ளே போனவன். லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் 2016இல் ஐரோப்பாவில் இப்படிக் குற்றப் பின்னணியோடு வந்த 79 பேரை எடுத்துப் பார்த்தார்கள். அதில் 45 பேர் தீவிரவாதத்துக்குப் போகுமுன்பே சிறை பார்த்தவர்கள், அந்த 45இல் 12 பேர் சிறைக்குள்ளேயே மாறியவர்கள்.

துவக்கு எங்கே வாங்கலாம், பொய்ப் பாஸ்போர்ட் யார் செய்து தருவார், பொலிஸ் துரத்தினால் எந்த ஒழுங்கையால் ஓடலாம், இதையெல்லாம் திருடனுக்கு யாரும் புதிதாகப் படிப்பிக்கத் தேவையில்லை. அவனுக்கு இல்லாதது பாவமன்னிப்பு. "இதுவரை உனக்காகச் செய்தாய், இனி எங்களுக்காகச் செய், பழையதெல்லாம் கழுவிப்போகும்" என்று ஒருவர் சொன்னால், பழக்கத்தை விடாமலே நல்லவனாகிவிடலாம் அல்லவா? எனக்கு இதுதான் பயம்.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு கொழும்புச் சேரித் தோட்டத்துப் பொடியன்மாரைச் சந்தேகமாகப் பார்க்கத் தொடங்காதீர்கள். 2019 ஏப்ரல் 21இல் கொழும்பு ஷங்ரி-லா, சினமன் கிராண்ட் ஹோட்டல்களில் தற்கொலைக் குண்டாக வெடித்த சகோதரர்கள் இருவரும் வசதியான மசாலா வியாபாரியின் பிள்ளைகள், தெமட்டகொடையில் பெரிய வீடு. அவர்களுக்குக் குடுப் போதையும் தெரியாது, கொள்ளையும் தெரியாது. ஐரோப்பாவின் கதையை இங்கே ஒட்டினால் ஒட்டாது.

ஒட்டுகிற இடம் சிறைதான். நம் சிறைகளில் இருக்க வேண்டியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆட்கள், நேற்று வந்த பொடியனும் பெரிய கையும் தோளோடு தோள் படுக்கிறார்கள். அங்கே யார் என்ன பேசுகிறார்கள் என்று எந்த ஜெயிலருக்குத் தெரியும்?

அந்தப் பொடியனின் அம்மா சொப்பிங் பேக்கில் சோற்றுப் பார்சலோடு வாசலில் நின்றார். "மகனுக்கு வேற என்ன கொண்டுவரட்டும் சேர்?" என்று கேட்டார். ரெண்டு சோப்பு கொண்டுவாங்க அம்மா என்றேன்.