ஸ்கோர் சொன்ன பிறகுதான் ஆமென்

நடுவர் அவர்களே, குருவானவர் ஐயா, சபையாரே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பின்னால் அசனச் சோறு வெந்துகொண்டிருக்கிறது. அதற்காகச் சுருக்கமாகப் பேசுவேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

விசுவாசிக்குப் பொழுதுபோக்கு தடையா, துணையா? துணை என்பது எங்கள் அணி. எதிரணித் தம்பி என்ன சொன்னார்? "ஆராதனை ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால் கடிகாரம் பார்க்கிறவர், கிரிக்கெட் என்றால் நூறு ஓவரும் ஆணி அடித்த மாதிரி உட்காருகிறார்." நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். அது எங்கள் அப்பாவுக்கு விழுந்த அடி என்பது பிறகுதான் உறைத்தது.

2011 ஏப்ரல் 2, சனிக்கிழமை. உலகக் கோப்பை இறுதி ஆட்டம். லெந்து என்னும் தவக்கால நாட்கள் வேறு. அன்றைக்குப் பார்த்து வீட்டு ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில்! அப்பா டிவியை அணைத்து, மேலே துண்டைப் போட்டு மூடிவிட்டார். சேவாக் டக் அவுட் ஆனதைப் பார்த்துவிட்டுத்தான் மூடினார், அது வேறு.

நோயாளிகளுக்காக அப்பா ஜெபிக்கிறார். பாதியில் பக்கத்து வீட்டில் "ஐயய்யோ!" என்று ஒரே அலறல். அப்பா கண்ணைத் திறக்கவில்லை. குரல் மட்டும் கம்மியது. "ஆண்டவரே, இப்போது போனது யாரென்று உமக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியவில்லையே."

உபதேசியாரும் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "சச்சின், ஐயா. 18."

இருங்கள், சிரித்து முடியுங்கள். கண்ணைத் திறக்கவில்லை என்றா சொன்னேன்? ஒரு கண்ணைத் திறந்திருந்தார். பைபிளில் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்துக்கும் பின்னட்டைக்கும் நடுவில் செல்போன்! அப்பா "ஆமென்" என்றார் பாருங்கள், எல்லாவற்றையும் இழந்த யோபுகூட அவ்வளவு துக்கத்தோடு சொல்லியிருக்க மாட்டார். ஆனால் தம்பி, அன்றைக்கு ஒரு பாட்டைக்கூட அவர் குறைக்கவில்லை. ஆசீர்வாதம் முடிந்து, சுக்குக்காப்பி கொடுத்து, எல்லாரையும் அனுப்பிவிட்டுத்தான் துண்டை எடுத்தார்.

தம்பி எரிக் லிடெலை வேறு இழுத்தார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஞாயிற்றுக்கிழமை ஓட மாட்டேன் என்று 100 மீட்டரை விட்டவர். சரி, அதே மனிதர் 400 மீட்டர் ஓடித் தங்கம் வாங்கினாரே? பிற்பாடு சீனாவில் ஜப்பானியர் முகாமில் அடைபட்டிருந்தபோது, பிள்ளைகள் அடித்துக்கொள்கிறார்கள் என்று ஞாயிற்றுக்கிழமையிலேயே ஹாக்கிக்கு நடுவராக நின்றாரே? அதைத் தம்பி வசதியாக விட்டுவிட்டார். இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கிய கானாவூர் கல்யாணத்துக்கு நான் போகவில்லை, போனால் குருவானவர் முறைப்பார்.

அப்பா கடைசியில் படுக்கையில் விழுந்தார். பார்வையும் போய்விட்டது. தினம் சாயங்காலம் ஒரு சங்கீதம் வாசிப்பேன். முடிந்ததும், "ஸ்கோர் என்னடா?" என்பார். சொன்ன பிறகுதான் ஆமென்.

கடைசி ராத்திரி 23ஆம் சங்கீதம் வாசித்தேன். முடித்துவிட்டுக் காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. நானே காதோரம் குனிந்து சொன்னேன்: "இன்னும் நாலு விக்கெட் இருக்குப்பா."