கொழும்பு இரத்தத்தில் நுளம்பு விட்ட தடம்

[திரையில்: வெள்ளவத்தை, காலி வீதி. மாலை நேரம். பஸ்கள், கடைகள், நடைபாதைக் கூட்டம்.]

வணக்கம். இந்தக் கூட்டத்தில் யாருடைய முகத்தைப் பார்த்தாலும் நான் இன்று சொல்லப்போகும் விஷயம் தெரியாது. அது சிவப்பு அணுவுக்குள் ஒளிந்திருக்கிறது.

என் தங்கைக்குச் சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் இரத்தச்சோகை. இரும்புச்சத்து மாத்திரை, முருங்கையிலை, பேரீச்சம்பழம் எல்லாம் கொடுத்துப் பார்த்தோம். ஈமோகுளோபின் ஏறவே இல்லை. கல்யாணம் பேசிய பிறகுதான் ஒரு டொக்டர் வேறொரு இரத்தச் சோதனை செய்யச் சொன்னார். பீற்றா தலசீமியா காவி என்று முடிவு வந்தது. தலசீமியா என்பது ஈமோகுளோபினைச் சரியாகச் செய்ய முடியாத பரம்பரை இரத்த நோய். காவி என்றால் அதற்கான பழுதான பரம்பரையலகு (gene) ஒன்றைக் காவுபவர். அம்மா திகைத்துப்போனார். "எங்கட ரெண்டு பக்கத்திலயும் இப்பிடி ஒரு வருத்தமும் இல்லையே, இது எங்கயிருந்து வந்தது?"

அம்மாவின் அந்தக் கேள்விக்குத்தான் இந்த வீடியோவில் பதில் தேடப்போகிறேன்.

[திரையில்: நான்கு கட்டங்கள். அம்மா, அப்பாவின் பிரதிகள் பிள்ளையிடம் சேரக்கூடிய நான்கு விதங்கள்.]

ஈமோகுளோபினின் ஒரு பகுதியான பீற்றாச் சங்கிலியைச் செய்யும் பரம்பரையலகு நம் ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று அம்மா தந்தது, மற்றது அப்பா தந்தது. தங்கையிடம் ஒரு பிரதி பழுது, மற்றது நல்லது. அதனால் இலேசான சோகையோடு அவள் நலமாகவே வாழலாம். ஆனால் அவளைப் போன்ற இன்னொரு காவியை மணந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் இரண்டு பிரதியுமே பழுதாக வரும். கடுமையான தலசீமியா என்றால் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றும் இரத்தத்தால் உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்ற வாழ்நாள் முழுக்க மருந்தும் வேண்டும்.

சரி, குடும்பத்தில் யாருக்கும் ஏன் தெரியவில்லை? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஊரில் 20 பேருக்கு ஒருவர் காவி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு காவிகள் தற்செயலாகத் தம்பதியாவது 400 சோடிகளில் ஒன்று. அதிலும் நான்கில் ஒரு பிள்ளைக்குத்தான் நோய். ஆக 1,600 பிள்ளைகளில் ஒன்று. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஒன்றுமே தெரியாமல் இதைத் தலைமுறை தலைமுறையாகக் கடத்திக்கொண்டே போகலாம். இந்தக் கணக்கின் பொது வடிவத்தை 1908இல் ஹார்டி என்ற ஆங்கிலக் கணிதவியலாளரும் வைன்பேர்க் என்ற ஜெர்மன் மருத்துவரும் தனித்தனியே கண்டார்கள். உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு அந்தச் சமன்பாடு நினைவிருக்கும்.

மச்சான், மச்சாள் கல்யாணம் என்றால் கணக்கு மாறிவிடும். தங்கையின் பழுதான அதே பிரதி, பொதுவான பாட்டன் பாட்டி வழியாக மச்சானிடமும் இருக்க எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

[திரையில்: நுளம்பு, மிக அருகில்.]

இனித்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நோய் தரும் ஒன்றை இயற்கைத் தேர்வு ஏன் துடைத்து எறியவில்லை? 1949இல் ஜே. பி. எஸ். ஹால்டேன் என்ற பிரித்தானிய உயிரியலாளர் ஒரு விடை சொன்னார். பிற்காலத்தில் இந்தியாவுக்கே வந்து குடியேறி, 1964இல் புவனேஸ்வரில் காலமான அதே ஹால்டேன்தான். தலசீமியா அதிகமுள்ள நிலப்பரப்பும் மலேரியா ஆண்ட நிலப்பரப்பும் ஒன்றாக இருப்பதை அவர் கவனித்தார். காவிகள் மலேரியாவுக்கு ஈடுகொடுத்துத் தப்பியிருக்க வேண்டும் என்றார். அது உண்மை. ஒரு பழுதான பிரதி உள்ளவருக்கு மலேரியா வந்தாலும் உயிரைப் பறிக்கும் அளவுக்கு முற்றுவது குறைவு. அவர் பிழைத்தார், பிள்ளை பெற்றார், அந்தப் பிரதியும் பரவியது. இரண்டு பிரதியும் பழுதாய்ப் பிறந்த பிள்ளைகளோ இறந்துபோனார்கள். இந்த இரண்டும் எதிரெதிரே இழுத்ததால்தான் அது முற்றாகப் பெருகவும் இல்லை, அழியவும் இல்லை.

கூர்ப்பு என்றதும் குரங்கிலிருந்து மனிதன் வரை வரிசையாக நடக்கும் படம்தான் பலருக்கு நினைவு வரும். அந்தப் படத்தை எனக்குப் பிடிப்பதில்லை. ஒரு குடித்தொகையில் ஒரு பரம்பரையலகின் இந்த வடிவம், அந்த வடிவம் என்பவற்றின் பங்கு தலைமுறைக்குத் தலைமுறை கூடிக் குறைவதே கூர்ப்பு. தங்கையின் அறிக்கைத் தாளில் நான் பார்த்ததும் அதைத்தான்.

நம் நாட்டில் மலேரியா என்ன செய்தது என்பதற்கு 1934 ஒன்றே போதும். மழை பொய்த்து, ஓடிய ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கின. அவற்றில் நுளம்பு பெருகியது. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டுமாகச் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். தலசீமியா பரவ ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எடுத்திருக்கும். இந்த ஒரு கொள்ளைநோயால் வந்ததல்ல. ஆனால் தேர்வு என்றால் மனித உயிர்களில் அதற்கு என்ன விலை என்பதை அந்த ஆண்டு காட்டுகிறது.

2012க்குப் பிறகு இங்கே உள்ளூரில் தொற்றிய மலேரியா இல்லை என்றானது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என அறிவித்தது. காவியாக இருப்பதால் கிடைத்த இலாபம் போய்விட்டது, செலவு மட்டும் மிச்சம். காவிகளிடம் ஒளிந்திருப்பதால் அது மெல்ல மெல்லத்தான் குறையும்.

[திரையில்: பாக்கு நீரிணை வரைபடம். கடல்மட்டம் இறங்குகிறது.]

'எந்தச் சனத்தின் வருத்தம் இது?' என்று உறவினர் ஒருவர் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. இலங்கையில் அதிகம் காணப்படும் தலசீமியா விகாரம்தான், அதாவது பரம்பரையலகில் நேர்ந்த அதே மாற்றம்தான், இந்தியாவிலும் அதிகம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைவிட ஏறத்தாழ 120 மீற்றர் கீழே இருந்தது. அப்போது அங்கிருந்து இங்கே நடந்தே வரலாம். அதன் பிறகு படகில் வந்தார்கள், போனார்கள், கலந்தார்கள். சிங்களவர், தமிழர் இரு பகுதியினரின் மரபும் மிக நெருக்கமானது என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. இன்னும் பின்னே போனால் எல்லாருக்கும் ஆபிரிக்காதான் ஊர். எந்த இரண்டு மனிதரின் டிஎன்ஏயை வைத்துப் பார்த்தாலும் ஏறத்தாழ ஆயிரம் எழுத்துக்கு ஒன்றுதான் வேறு. அந்த வேறுபாட்டிலும் 85 வீதம் ஒவ்வொரு குடித்தொகைக்கு உள்ளேயே இருக்கிறது என்று 1972இல் ரிச்சர்ட் லெவொன்ரின் என்ற அமெரிக்க மரபியலாளர் கணக்கிட்டார்.

[திரையில்: மறுபடியும் நான்கு கட்டங்கள்.]

போன மாதம் தங்கையை மணக்கப்போகிறவரும் சோதனை செய்துகொண்டார். அவர் காவி இல்லை. கட்டங்களை மாற்றி நிரப்பினேன். இரண்டில் நல்ல பிரதிகள் மட்டும், இரண்டில் ஒரு பழுதான பிரதி. நோயுள்ள கட்டம் ஒன்றும் இல்லை. அம்மா அந்தத் தாளை மடித்து, சாதகக் கொப்பிக்குள் வைத்திருக்கிறார்.